பின்சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் வேண்டுமா?



நம் மன்ற மலரில் இலக்கியம் எழுதுவோர் பலர் உண்டு. அரசியல் எழுதுவோரும் உண்டு. மோட்டார் வண்டியின் பிரேக்கைப் பற்றி எழுதப் போகிறேன் என்று நான் சொன்னபோது ஆசிரியர் குழுவில் இருவர் சிரித்தார்கள். மூன்றாமவர் சிரிக்கவில்லை. அவர் வீட்டிலும் ஒரு பழைய வண்டி நிற்கிறது.

'பிரேக்' என்ற சொல்லுக்குத் 'தடை' என்றும் 'நிறுத்தி' என்றும் தமிழ் செய்யலாம். செய்தால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஸ்ரீவராகத்திலிருந்து கிழக்கேகோட்டை வரையில் எந்தப் பட்டறையிலும் அந்தச் சொல்லைச் சொல்லி ஒரு வேலையும் நடக்காது. ஆகையால் பட்டறைக்காரர் சொல்லும் டிரம், டிஸ்க், காலிப்பர், லைனிங் என்ற சொற்களையே நானும் எடுத்துக்கொள்கிறேன். தனித்தமிழ் அன்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

என் சித்தப்பாவின் வீடு ஸ்ரீவராகத்தில், வராகமூர்த்தி கோவில் குளத்துக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து படிக்க வந்த நான் அங்கேதான் தங்கியிருக்கிறேன். அவரிடம் ஒரு கான்டெஸா கார் இருக்கிறது. இளையவர்கள் சிலருக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். இங்கிலாந்தில் வாக்ஸால் விக்டர் என்று ஓடி ஓய்ந்த வண்டியின் உருவத்தை எடுத்து இந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனியார் செய்தது அது. 1980-களின் முற்பகுதியில் வந்தது, 2002-இல் நின்றுபோனது. நீண்ட மூக்கு, அகன்ற தோள், பின்சக்கர இழுப்பு. அமெரிக்காவின் 'மசில் கார்' வகைக்கு நம் நாட்டில் ஒப்பாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான் என்பார்கள். முதலில் வந்த 1.5 லிட்டர் எஞ்சின் அந்த உடம்புக்குப் போதவே இல்லை; இசுசு 1.8 லிட்டர் எஞ்சின் பொருத்திய பிறகுதான் தோற்றத்துக்கு ஏற்ற ஓட்டம் வந்தது. சித்தப்பாவினுடையது அந்த இசுசு வண்டி. முன்சக்கரங்களில் டிஸ்க், பின்சக்கரங்களில் டிரம்.

சென்ற இடவப்பாதி மழைக்காலத்தில் நாங்கள் நான்கு பேர் அந்த வண்டியில் பொன்முடிக்குப் போனோம். நெடுமங்காடு, விதுரா தாண்டிக் கல்லாறு வரை ஒரு சாலை; அதற்கு மேல் 22 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள வேறொரு சாலை. ஏறும்போது குறை ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பாதிக்கு மேல் வளைவுகளைக் கடந்த பின் சித்தப்பாவின் முகம் மாறியது. பெடல் பஞ்சு போல் கீழே போகிறது என்றார். இரண்டு மூன்று முறை அடித்து மிதித்தார், கொஞ்சம் பிடித்தது. உடனே இரண்டாம் கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கை முழுதும் இழுத்தார். அது பிடிக்கவே இல்லை. கடைசியில் மலைப்பக்கத்து மண்மேட்டில் வண்டியின் இடத்தோளை உரசவிட்டு நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை. வண்டிக்கு ஒரு நீண்ட கீறல் மட்டும். ஆனால் சித்தி அன்று பஸ்ஸில் ஏறித் திரும்பியவர், அதன்பின் அந்த வண்டியில் ஏறியதே இல்லை.

இந்தச் செய்தி துபாயில் இருக்கும் அண்ணனுக்குப் போயிற்று. அண்ணன் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: டிரம் பிரேக்தான் குற்றவாளி, அதைக் கழற்றி எறிந்துவிட்டுப் பின்னாலும் டிஸ்க் வைத்துவிட வேண்டும். அமெரிக்கர்கள் தங்கள் பழைய மஸ்டாங், கமாரோ வண்டிகளுக்கு அப்படிச் செய்யும் படங்களையெல்லாம் அனுப்பினான். படங்களோடு நிற்கவில்லை, சாமான்களையே ஒரு பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டான். "நீ பௌதிகம் படிக்கிறாயே மக்கா, உன் அபிப்பிராயம் என்ன?" என்று சித்தப்பா கேட்டார். அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இங்கே உங்களுக்கும் சொல்கிறேன். புல்லட்டும் யெஸ்டியும் வைத்துக்கொண்டு இதே யோசனையில் இருக்கும் விடுதி நண்பர்களுக்கும் இது பயன்படலாம்.

என் பதில்: வேண்டாம். குறைந்தபட்சம், இப்போது வேண்டாம்.

முதலில் அன்று நடந்தது என்ன என்று பார்ப்போம். மோட்டார் வண்டியின் பிரேக் வெப்பத்தால் இரண்டு விதமாகக் கைவிடும். ஒன்று, லைனிங் சூடேறிப் பிடிப்பை இழப்பது. அப்போது பெடல் கல்லாக நிற்கும். எவ்வளவு மிதித்தாலும் வண்டி நிற்காது. மற்றொன்று, பிரேக் ஆயில் கொதிப்பது. ஆயில் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். குழாய்க்குள் ஆவிக் குமிழி வந்துவிட்டால் மிதிக்கும் மிதியெல்லாம் அந்தக் குமிழியைச் சுருக்குவதிலேயே போய்விடும், பெடல் பஞ்சாகும். சித்தப்பாவின் பெடல் கல்லாக நின்றதா, பஞ்சாகப் போனதா? பஞ்சாகத்தான் போயிற்று. அரை மணி நேரம் வண்டியை நிறுத்தி ஆறவிட்ட பின் பெடல் தானாகவே பழைய நிலைக்கு வந்தது. ஆயில் கொதித்ததற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஏன் கொதித்தது? கணக்கு எளிது. ஆட்களோடு சேர்த்து வண்டியின் எடை 1500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 1000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி ஜூல். சுமார் 50 லிட்டர் பச்சைத் தண்ணீரை, அதாவது மூன்று பெரிய குடத்தை, கொதிக்க வைக்கும் வெப்பம் அது. காற்றும் எஞ்சினும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும்; தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் வாங்கும் பங்கு பெரிதாகும். சித்தப்பா அன்று மூன்றாம் கியரில் இறங்கினார், சில நேரம் நான்கிலும். மிச்சமெல்லாம் பிரேக்கின் தலையில் விழுந்தது.

பிரேக் ஆயிலுக்கு இன்னொரு குணம் உண்டு: காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சும். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி சென்டிகிரேடு வரை கொதிக்காது என்பது தர விதி. ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி வரை தாங்கினாலே போதும் என்று அதே விதி இறங்கி வந்துவிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்று சொல்வது இதனால்தான். ஆண்டில் பாதி நாள் துணி காயாத திருவனந்தபுரத்தில் இதை இன்னும் கண்டிப்பாகக் கொள்ள வேண்டும். சித்தப்பா எப்போது மாற்றினார்? கேட்டேன். "வாங்கின பிறகு ஊற்றியிருக்கிறேன்" என்றார். குறைந்ததை ஊற்றுவது வேறு. பழையதை வடித்துவிட்டுப் புதியதை ஏற்றுவது வேறு.

அந்த ஆயில் எங்கே கொதித்திருக்கும்? பிரேக் போடும்போது வேலையில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்குத்தான். காலிப்பரில் பிஸ்டனும் பேடும் டிஸ்க்கும் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. சூடு நேரே ஆயிலுக்கு ஏறும். ஆகவே பெரும்பாலும் கொதித்தது முன்சக்கரத்துக் காலிப்பரில்தான். அதாவது அண்ணன் போற்றும் டிஸ்க் பிரேக்கில்! இகழப்பட்ட டிரம் அந்த நேரத்தில் பின்னால் தன்னால் இயன்றதைச் செய்துகொண்டிருந்தது.

அதனால் டிரம்முக்கு நற்சான்று கொடுக்கிறேன் என்று எண்ண வேண்டாம். அடுத்த வாரம் மணக்காட்டுப் பக்கத்தில் ஒரு பட்டறையில் பின்சக்கரங்களைக் கழற்றினோம். பட்டறை ஆசான் களியக்காவிளைப் பக்கத்துக்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுபவர். இடப்பக்க வீல் சிலிண்டரின் ரப்பர் கிழிந்து ஆயில் கசிந்து லைனிங் ஊறிக் கிடந்தது. வலப்பக்க டிரம் வட்டம் கெட்டிருந்தது. ஹேண்ட் பிரேக்கின் கேபிள் உறைக்குள் துருவேறி இறுகிவிட்டது. "அண்ணாச்சி, இதைத் திறந்து பார்த்து எத்தனை வருஷம் ஆச்சு?" என்று ஆசான் கேட்டார். சித்தப்பா கோவில் குளத்தைப் பற்றி ஏதோ பேசத் தொடங்கினார்.

நான் கேட்பது இதுதான்: பத்து ஆண்டு திறந்து பார்க்காத டிரம் பழுதானால் குற்றம் யாருடையது? பத்து ஆண்டு திறந்து பார்க்காத டிஸ்க் மட்டும் பழுதாகாதா? ஆகும். காலிப்பரின் வழுக்குக் கம்பிகள் துருப்பிடித்து இறுகும். ஒரு பக்கத்துப் பேடு மட்டும் தேயும். சங்குமுகத்து உப்புக் காற்றில் நிறுத்திவைத்த வண்டியின் டிஸ்க் ஓர் இரவில் துருவால் சிவந்துவிடுவதைப் பார்க்காதவர் உண்டா? பின்சக்கரக் காலிப்பரில் ஹேண்ட் பிரேக்குக்கும் இடம் பண்ணியிருந்தால் அந்தப் பொறியே இறுகிக்கொள்ளும். டிரம்மில் ஹேண்ட் பிரேக் என்பது ஒரு நெம்புகோலும் ஒரு கேபிளும். பின்சக்கரத்தில் டிரம் இத்தனை காலம் நிலைத்திருப்பதற்கு விலை மட்டுமல்ல, இந்தச் சௌகரியமும் ஒரு காரணம். சுழலும் டிரம் முன்பக்கத்து ஷூவைத் தன்னோடு இழுத்து இறுக்குவதால் சிறு விசைக்கும் பெரிய பிடி கிடைக்கிறது. டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை. முழு விசையையும் வெளியிலிருந்தே கொடுத்தாக வேண்டும்.

டிரம் பழையது, டிஸ்க் புதியது என்ற எண்ணமும் சரியல்ல. லான்செஸ்டர் இங்கிலாந்தில் டிஸ்க்குக்குக் காப்புரிமை பெற்றதும், பிரான்சில் லூயி ரெனோ டிரம்மைக் கொண்டுவந்ததும் ஒரே ஆண்டில், 1902-இல். 1953-இல் லெமான் பந்தயத்தில் டிஸ்க் பொருத்திய ஜாகுவார் வண்டி வென்ற பிறகுதான் உலகம் டிஸ்க்கைத் திரும்பிப் பார்த்தது. 1964-இல் வந்த மஸ்டாங்கில் நான்கும் டிரம். 1965-இல் கார்வெட்டில் நான்கும் டிஸ்க். நான்கும் டிரம்மாக, எட்டு சிலிண்டர் எஞ்சினோடு பறந்த வண்டிகளுக்கு அமெரிக்கர்கள் டிஸ்க் வைப்பதில் நியாயம் உண்டு. ஆனால் அண்ணன் ஒன்றைக் கவனிக்கவில்லை: அங்கேயும் முதலில் மாற்றப்படுவது முன்சக்கரம். நம் கான்டெஸாவுக்கு அந்த வேலை தொழிற்சாலையிலேயே முடிந்துவிட்டது. நம் ஊர்ச் சாட்சி வேண்டுமானால், 2013-இல் மறைந்த உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா அவர்கள் பல்லாண்டுக் காலம் போற்றி வைத்திருந்த மெர்சிடிஸ் பென்ஸ் 180 இருக்கிறது. 1950-களின் வண்டி அது. அந்த வகைக்கு நான்கு சக்கரமும் டிரம்தான். வைத்திருந்த முறையில் அல்லவா இருக்கிறது விஷயம்!

இனி முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதைப் பட்டறைகளில் பலர் விளக்குவதில்லை.

பிரேக் போடும்போது நம் உடம்பு முன்னே சாய்வது போல வண்டியின் பாரமும் முன்னே சாய்கிறது. 1200 கிலோ எடையுள்ள வண்டியில் நிற்கும்போது முன்னால் 660, பின்னால் 540 கிலோ என்று கொள்வோம். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 55 சென்டிமீட்டர் உயரம். இரண்டு அச்சுக்கும் இடைவெளி ஏறத்தாழ 2.67 மீட்டர். புவி ஈர்ப்பில் பத்தில் ஏழு பங்கு என்ற அளவுக்குக் கடுமையாகப் பிரேக் போட்டால் சுமார் 173 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். அப்போது முன்னால் 833, பின்னால் 367. பத்தில் ஏழு பங்கு வேலை முன்சக்கரத்துக்கு. பின்சக்கரத்தால் தரையைப் பற்ற முடிவது பத்தில் மூன்று பங்குதான். பின்னால் எவ்வளவு வல்லமை உள்ள பிரேக்கை வைத்தாலும் இந்த மூன்று பங்கைத் தாண்டி அது ஒன்றும் செய்துவிட முடியாது. தாண்டினால் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்ளும்.

பூட்டிக்கொண்டால் என்ன? முன்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி திரும்பாது. ஆனால் நேரே வழுக்கிப் போகும். பின்சக்கரம் முதலில் பூட்டினால் வண்டியின் வால் முன்னுக்கு வரப் பார்க்கும். வண்டி பம்பரமாகச் சுற்றும். தொழிற்சாலைப் பொறியாளர்கள் முன்சக்கரமே முதலில் பூட்டும்படி அளவுகளை அமைப்பது இதற்காகவே. சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ். கருவி அந்தக் காலத்துக் கான்டெஸாவில் இல்லை.

சென்ற ஆண்டு ஒரு நண்பரின் உறவினர் தம் பழைய வண்டிக்குப் பின் டிஸ்க் வைத்தார். வேறொரு காரின் காலிப்பர். ஒரு பட்டறையில் இரும்புத் தகட்டை வெட்டி அச்சில் வெல்டு செய்து பொருத்திக் கொடுத்தார்கள். வெயிலில் ஓட்டிப் பார்த்தார்கள், நன்றாக நின்றது. முதல் மழையில் ஈஞ்சக்கல் பக்கம் பைபாஸ் சாலையில் முன்னே போன ஆட்டோ திடீரென்று நின்றது, இவர் மிதித்தார். வண்டி அரைவட்டம் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. எதிரே லாரி வராததால் அவர் இன்றும் நம்மோடு இருக்கிறார். வெயிலில் சரியாக இருந்தது மழையில் ஏன் கெட்டது? ஈரச் சாலையில் பிடிப்புக் குறைவு. பிடிப்புக் குறைந்தால் சக்கரம் பூட்டுவதற்குச் சிறு விசை போதும். பின் பிரேக்கின் பங்கு அளவுக்கு மீறியிருந்தால் பின்சக்கரமே முந்திக்கொள்ளும்.

இதைச் சரிக்கட்ட வழி இல்லாமல் இல்லை. பின்சக்கரத்துக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று உண்டு. ஆனால் வேலை அதோடு முடிவதில்லை. காலிப்பருக்கு வீல் சிலிண்டரைவிட அதிக ஆயில் வேண்டும். ஆகவே மாஸ்டர் சிலிண்டரின் அளவு பொருந்துமா என்று பார்க்க வேண்டும். டிரம்முக்கென்று குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு இருந்தால் அதை எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பேடு டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். ரிம்முக்குள் காலிப்பர் அடங்க வேண்டும். ஹேண்ட் பிரேக்குக்கு வேறு வழி காண வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காலிப்பரைத் தாங்கும் அந்தத் தகடு வண்டியின் முழு வேகத்தையும் தாங்கிப் பிடிக்கும் தகடு. அதன் வெல்டு யார் கையால் ஆனது என்பது சின்ன விஷயமல்ல. அண்ணன் அனுப்பிய பெட்டியில் டிஸ்க் இரண்டு, காலிப்பர் இரண்டு, தகடு இரண்டு இருந்தன. மற்றவை ஒன்றும் இல்லை.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவைப் பற்றி நம் கேரளத்திலிருந்தே சென்ற ஒரு வழக்கில், உற்பத்தியாளர் வகுத்த அசல் குறிப்புகளுக்கு மாறாக வண்டியை மாற்ற இடமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பிரேக்கை மாற்றுவோர் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது. விபத்து நேர்ந்த பின் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வியும் இதுவாகவே இருக்கும்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் உண்டு. அதை மறைப்பது முறையல்ல. மழைதான் அவர்களுடைய வலிய வாதம். அட்டக்குளங்கரையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் நாளில் அதனூடே வண்டியை ஓட்டி வந்தால் டிரம்முக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அடுத்த சில மிதிகளுக்குப் பிரேக் இருப்பதே தெரியாது. டிஸ்க் இரண்டு சுற்றில் தண்ணீரை உதறிவிடும். இதற்கு நான் மறுமொழி சொல்ல முடியாது. தண்ணீரைக் கடந்தவுடன் மெதுவாகப் போய்க்கொண்டே பெடலை லேசாக அழுத்தி உலர்த்திக்கொள்ளுங்கள் என்ற பழைய பாடத்தைத்தான் சொல்ல முடியும். பேடு தேய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதும் டிஸ்க்கில் எளிது. டிரம்மைக் கழற்றினால்தான் உள்ளே இருப்பது தெரியும். கழற்றவேண்டியிருப்பதால்தான் சித்தப்பா பத்து ஆண்டு கழற்றவில்லை. இந்த வாதம் என்னைக் கொஞ்சம் அசைத்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மனிதன் சோம்பேறி என்று வைத்துக்கொண்டு பொறி செய்வதும் ஒரு விவேகம் அல்லவா?

ஆயினும் எங்கள் வீட்டில் நாங்கள் செய்தது வேறு. பழைய ஆயில் முழுவதையும் வடித்தோம்; கறுத்த காப்பி போல் வந்தது. டாட் 4 ஆயில் ஊற்றி நான்கு சக்கரத்திலும் ஏர் எடுத்தோம். வீல் சிலிண்டர்களுக்குப் புது ரப்பர், ஷூக்களுக்குப் புது லைனிங், கோணிய டிரம்மை லேத்தில் கொடுத்து அளவு மீறாமல் கடைந்தோம். முன்காலிப்பர்களைப் பிரித்துத் துடைத்துப் பேடும் ஹோஸும் மாற்றினோம். ஹேண்ட் பிரேக்குக்குப் புது கேபிள். பழைய லைனிங்கின் தூசியை ஆசானின் உதவியாள் காற்றுக் குழாயால் ஊதப் போனான்; நான் தடுத்து ஈரத்துணியால் துடைக்கச் சொன்னேன். அந்தக் காலத்து லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசி நுரையீரலுக்கு நஞ்சு. இதைப் பட்டறைகளில் பொருட்படுத்துவோர் குறைவு. ஆசான் மட்டும், "தம்பி சொல்றது சரிதான், எங்க குருநாதர் இருமிக்கிட்டேதான் போனார்" என்றார். பிறகு நெடுநேரம் யாரும் பேசவில்லை.

சென்ற பிப்ரவரியில் சித்தப்பாவும் நானும் மட்டும் பொன்முடிக்குப் போனோம். இறங்கும்போது இரண்டாம் கியர். நேர்ச் சாலையில் பிரேக், வளைவில் விடுதலை. பெடலின் மேல் காலை ஊன்றிக்கொண்டே வருவதில்லை. இருபத்திரண்டு வளைவுகளும் இறங்கிக் கல்லாற்றில் நிறுத்தினோம். பெடல் ஏறும்போது இருந்த உயரத்திலேயே இருந்தது. ஹேண்ட் பிரேக் சரிவில் வண்டியைத் தனியாகப் பிடித்து நின்றது.

அண்ணன் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அவன் அனுப்பிய பெட்டி மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது. ஓணத்துக்கு ஊருக்கு வரும்போது தானே நின்று பொருத்தப் போவதாகச் சொல்கிறான். சித்தியிடம் கேட்டேன். மழைக்காலத்தில் ஒருமுறை நாங்கள் இருவரும் மட்டும் போய்த் திரும்பிவர வேண்டுமாம். அதன் பிறகு பார்க்கலாம் என்கிறார்.